ஈயம் வைத்த இருபது

குளச்சலில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் அபினுக்கு நிஜ வாழ்க்கையில் பெரிய குறை ஒன்றும் கிடையாது. எப்பேர்ப்பட்ட எஞ்சினும் அவன் கை பட்டால் இரண்டாவது இழுப்பில் உறுமிவிடும். கேடெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு மேல்தான். அந்த நேரத்தில் அவன் வஜ்ரகேது என்னும் வாள்வீரனாக மாறுவான். மாறிய கொஞ்ச நேரத்தில் செத்துப்போவான்.

இந்த விளையாட்டை ஊருக்குக் கொண்டுவந்தவர் மரியஜான். சார்ஜாவில் கப்பல் பழுது பார்க்கும் இடமொன்றில் பதினொரு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். கூடத் தங்கியிருந்த பிலிப்பைன்ஸ்காரர்களிடம் கற்றுக்கொண்டாராம். 2011-இல் ஊர் திரும்பியபோது, மற்றவர்கள் கம்பளியும் டார்ச் லைட்டும் அடைத்து வருகிற பெட்டியில் அவர் ஒரு பை நிறையப் பகடைகள் கொண்டுவந்தார். நாலு முகம், எட்டு முகம், பன்னிரண்டு முகம் என்று விதவிதமாக. அதில் இருபது முகம் உள்ளவை நாலே நாலு. சின்ன நெல்லிக்காய் அளவு இருக்கும்.

ஞாயிறுதோறும் தன் வீட்டு மொட்டை மாடி அறையில் மரியஜான் கதை சொல்லுவார். மற்ற மூன்று பேரும் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரம். சுவர் ஏறிக் குதிக்கிறேன், பூதத்தை வெட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். இருபது விழுந்தால் நினைத்ததெல்லாம் நடக்கும். ஒன்று விழுந்தால் நினைக்காததெல்லாம் நடக்கும்.

மொபைல் கடை வைத்திருந்த தேங்காய்ப்பட்டணம் ஷமீர், பூனைக்காலன் என்னும் திருடன். ஜின்சி, நீலமாலை என்னும் மந்திரக்காரி. ஜின்சி அபினோடு ஒரே பள்ளியில் படித்தவள். நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. நீலமாலையை மூன்று வருஷமாகச் சாகவிடாமல் வளர்த்திருந்தாள். நீலமாலையின் மந்திரங்களை ஒரு நோட்டில் சிவப்பு மையால் எழுதி, நோட்டுக்குப் பிரவுன் அட்டையும் போட்டு வைத்திருந்தாள்.

அபினுக்கு மட்டும் பகடை ஒத்துழைக்கவில்லை. இரண்டு விழும், மூன்று விழும், முக்கியமான நேரத்தில் ஒன்று விழும். முதலாம் வஜ்ரகேது படிக்கட்டில் வழுக்கி இறந்தான். இரண்டாம் வஜ்ரகேது தன் வாளிலேயே விழுந்தான். நாலாமவனை ஆடு முட்டிக் கொன்றது. அது பேய் ஆடுகூட இல்லை.

"சாதா ஆடா அண்ணே?" என்று அபின் மரியஜானிடம் இரண்டு முறை கேட்டான்.

"சாதா ஆடுதான் மக்கா. மேஞ்சிட்டு நின்னுது. நீ எதுக்கு அதுக்குக் குறுக்க போன?"

ஒன்பதாம் வஜ்ரகேது கிணற்றில் விழுந்த ஞாயிற்றுக்கிழமை, ஷமீர் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து கீழே விழுந்தான். அபினும் சேர்ந்துதான் சிரித்தான். ஆனால் அடுத்த நாள் பட்டறையில் எஞ்சினைக் கழற்றும்போது அந்தச் சிரிப்பு காதிலேயே நின்றது. வலையில் கட்டுகிற ஈயக்குண்டுகள் மூலையில் கிடந்தன. சுவரில் டிரில்லிங் மெஷின் தொங்கியது. அவன் ஷட்டரை இறக்கினான்.

மரியஜான் ஆளுக்கொன்றாகக் கொடுத்திருந்த இருபது முகப் பகடையை எடுத்து, இருபது என்று எழுதிய முகத்தில் ஊசிபோல ஒரு துளை போட்டான். ஈயத்தை உருக்கி ஒரு சொட்டு உள்ளே விட்டான். பசை வைத்து அடைத்து, சாணைக் காகிதத்தால் தேய்த்து, எழுத்துக்குக் கறுப்பு மை தடவினான். பிறகு உருட்டிப் பார்த்தான். ஒன்று. மறுபடியும் ஒன்று. பதினான்கு தடவை உருட்டினான், பதினொரு தடவை ஒன்று.

கனமான பக்கம் அடியில் போய்த்தான் உட்காரும் என்பது அப்போதுதான் உறைத்தது. ஏழு வருஷமாக இயந்திரத்தோடு பிழைக்கிறவன். நல்லவேளை யாரும் பார்க்கவில்லை என்று ஈயத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, எதிர்ப்பக்கத்தில், ஒன்று என்று எழுதிய முகத்தில், மறுபடியும் துளை போட்டான்.

அதன் பிறகு பத்தாம் வஜ்ரகேது பிறந்தான். அவனைப் போல ஒரு வீரனை அந்த மொட்டை மாடி அறை அதற்கு முன் கண்டதில்லை. முதல் வாரம் மலைப்பாம்பை ஒரே வெட்டில் இரண்டாக்கினான். இரண்டாம் வாரம் ஓர் அரசனின் படையையே பயமுறுத்தி ஓட்டினான். நாலாம் வாரம், எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க, நிலவைப் பார்த்து ஊளையிடுகிற ஓநாயிடம் வாயை மூடச் சொன்னான். இருபது விழுந்தது. ஓநாய் மன்னிப்புக் கேட்டது.

யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒன்பது முறை செத்தவனுக்குக் கொஞ்சம் நல்ல காலம் வந்தால் யார் கணக்குக் கேட்பார்கள்? ஷமீர் ஒரு நாள் அவனைப் பைக்கில் ஏற்றி, களியக்காவிளை தாண்டிக் கூட்டிப்போய், கேரளா லாட்டரிச் சீட்டு ஒன்றை அவன் கையால் எடுக்க வைத்தான். அதில் ஒன்றும் விழவில்லை. "சீட்டுல இருபது இல்லல்லா, அதான்" என்று ஷமீரே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

அபினை உறுத்தியது ஜின்சிதான். முன்பெல்லாம் அவளுடைய நீலமாலை மரத்துக்குப் பின்னால் நின்றுதான் மந்திரம் போடுவாள். இப்போது முன்னால் போகத் தொடங்கினாள்.

"ஏட்டி, பின்னால நில்லு. ஆபத்தாக்கும்" என்றான் அபின்.

"நீ இருக்கியல்லா, பின்ன என்ன?" என்றாள் அவள், நோட்டைப் புரட்டிக்கொண்டே.

ஆறாவது வாரம் நண்டரக்கனின் குகைக்கு வந்தார்கள். சிதறால் மலையைப் போல மரியஜான் வரைந்திருந்த ஒரு மலை. அதன் அடியில் கடல் நீர் புகுந்த குகை, குகைக்குள் வீடளவு ஒரு நண்டு, நண்டின் வயிற்றுக்கடியில் புதையல். மரியஜான் ஒரு வாரமாகக் குரலைத் தயார் செய்து வைத்திருந்தார். நண்டு பேசுகிற மாதிரி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "ஆரு வந்தது?" என்று கர்ஜித்தார். கர்ஜித்த வேகத்தில் அவருடைய பகடை கை பட்டு உருண்டு, மாடிக் கைப்பிடிக் கம்பி வழியாகப் போய், கீழே ஓடையில் விழுந்தது.

எட்டிப் பார்த்தார். ஓடை நிறையத் தண்ணீர்.

"போட்டும், நாளைக்குத் தேடலாம்" என்றபடி அபின் முன்னால் இருந்த பகடைக்குக் கை நீட்டினார். "ஒனக்கதத் தா. நண்டுக்கு உருட்டணும்."

அபின் அதற்குள் பகடையைக் கையால் மூடினான். "அண்ணே, அது எனக்க கைக்குப் பழகினது. ஷமீருக்கத எடுங்கோ."

"எனக்கத எதுக்குலே?" என்றான் ஷமீர். "ராசியான டைஸ்னு நீதான பறஞ்ச? நண்டும் கொஞ்சம் ராசியாட்டு இருக்கட்டும்."

மரியஜான் பகடையை வாங்கி உருட்டினார். இருபது. நண்டு பூனைக்காலனைக் கொடுக்கால் தூக்கிச் சுவரில் அடித்தது. மறுபடியும் உருட்டினார். இருபது. வஜ்ரகேதுவின் கேடயம் அப்பளமாக நொறுங்கியது.

"ஃபேனை அணைச்சா நல்லது. காத்துல உருளுது" என்றான் அபின். ஃபேனை அணைத்தார்கள். இருபது.

"டீ குடிச்சிட்டு ஆடலாமே."

"பேசாம இருலே, நண்டு சூடாட்டு நிக்குது" என்றார் மரியஜான். அவருக்கே கொஞ்சம் பயம் வந்திருந்தது. மூன்று வருஷத்தில் அவர் நண்பர்களை இப்படி அடித்ததில்லை. "அடுத்தது நீலமாலைக்கு. ஜின்சி, ஒனக்கு எத்தன உயிர் பாக்கி?"

"நாலு" என்றாள் ஜின்சி. நோட்டை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். "பதினெட்டுக்குக் கீழ விழுந்தா நான் பொழச்சிருவேன். இல்லியா அண்ணே?"

மரியஜான் பகடையைக் கைக்குள் குலுக்கினார். வெளியே விட்டார். அது மேசையில் உருண்டு போய், மிக்சர் தட்டின் விளிம்பில் ஏறி, உள்ளே விழப்போன நேரம், அபின் பாய்ந்து தட்டில் கைவிட்டு, ஒரு பிடி மிக்சரோடு சேர்த்துப் பகடையையும் வாயில் போட்டுக்கொண்டான்.

யோசித்துச் செய்ததல்ல. கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்து, பிறகு பாத்ரூமில் துப்பிவிடலாம் என்று பிற்பாடுதான் நினைத்தான்.

"டைஸ் எங்க?" என்றார் மரியஜான்.

"ம்ம்" என்றான் அபின்.

"ஏலே, நீ எடுத்தியா?"

"ம்ஹும்."

"மிக்சர் தொண்டையில அடைச்சிட்டு போல" என்று ஷமீர் நல்லெண்ணத்தோடு எழுந்து வந்து, அவன் முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்தான்.

பகடை உள்ளே போனது. போகும்போது அதன் இருபது முகமும் அபினுக்குத் தனித்தனியாகத் தெரிந்தது.

மரியஜானின் ஆம்னி வேனில் நாகர்கோவில் போய்ச் சேர முக்கால் மணி நேரம். ஜின்சி தன் ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போனாள். வழியெல்லாம் அவனுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே வந்தாள். "பயப்படாத, பிளாஸ்டிக்தான்" என்று தடவிக்கொடுத்தாள். அந்தத் தடவல் அபினுக்குப் பகடையைவிட வலித்தது.

டாக்டர் குளோரிக்கு ஐம்பது வயதிருக்கும். கண்ணாடிக்கு மேலே பார்த்து, "என்ன முழுங்கினீங்க?" என்றார்.

"டைஸ், டாக்டர்."

"எதுக்கு?"

நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "நண்டு ஒண்ணு வந்தது..." என்று மரியஜான் தொடங்கி, பிறகு நிறுத்திக்கொண்டார்.

"பிளாஸ்டிக்னா எக்ஸ்ரேயில சரியாத் தெரியாது. ஆனாலும் ஒண்ணு எடுத்துப் பாப்போம்" என்றார் டாக்டர்.

ஜின்சியே எடுத்தாள். மூச்சை இழுத்துப் பிடி என்று அவள் சொன்னபோது அபின் ஏற்கெனவே பிடித்துத்தான் வைத்திருந்தான். கம்ப்யூட்டர் திரையில் விலா எலும்புகள் தெரிந்தன. அவற்றுக்குக் கீழே, வயிற்றின் நடுவில், மிளகளவு ஒரு புள்ளி பளீரென்று வெள்ளையாக ஜொலித்தது.

டாக்டர் திரையில் விரலை வைத்தார். "இது பிளாஸ்டிக் இல்லியே. உலோகம்லா? டைஸுக்குள்ள இது எப்படி வந்தது?"

ஜின்சி அந்தப் புள்ளியையே பார்த்தாள். பிறகு மெல்லத் திரும்பினாள்.

"ஆறு வாரம்" என்றாள். "ஏலே, ஓநாய் மன்னிப்புக் கேட்டுதே."

"ஈயம்" என்றான் அபின், தரையைப் பார்த்து. "வலைக்குண்டு ஈயம். ஒரு சொட்டுதான்."

ஷமீருக்குப் புரியக் கொஞ்சம் நேரமாயிற்று. புரிந்ததும், "களியக்காவிளை வரைக்கும் போனேனே, சவத்தெளவே!" என்று ஆஸ்பத்திரி என்று பாராமல் கத்தினான்.

ஈயத்தை வயிற்றில் விட்டுவைக்கக் கூடாது என்றார் டாக்டர். அபினைப் பட்டினி போட்டு, மறுநாள் காலையில் வாய்வழியாகக் குழாயை விட்டு எடுத்தார்கள். எடுத்த பகடையை நர்ஸ் ஒரு ஸ்டீல் கிண்ணத்தில் போட்டாள். கணீரென்று விழுந்து, சுழன்று, நின்றது. டாக்டர் குனிந்து பார்த்தார்.

"இருபது" என்றார்.

அதற்குப் பிறகு ஜின்சி மூன்று வாரம் அவனோடு பேசவில்லை. ஏமாற்றியதைவிட, பின்னால் நில் என்று சொன்ன அன்றே காரணத்தைச் சொல்லாததுதான் அவளுக்கு ஆறவில்லை என்று ஷமீர் பட்டறைக்கு வந்து சொன்னான். அபின் ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறையிலேயே உட்கார்ந்து, ஓடுகிற எஞ்சினைக் கழற்றி மறுபடியும் மாட்டினான். இனி அந்த மாடிப்படி ஏற முடியாது என்றே நினைத்தான்.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. "ஏலே, நண்டு காத்துக்கிட்டு நிக்குது. வாறியா, இல்லியா?" என்று கேட்டுவிட்டு ஜின்சி போனை வைத்துவிட்டாள்.

போனபோது மேசை நடுவில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருந்தது. எல்லோருக்கும் பொதுவாக ஒரே பகடை, அதற்குள்தான் உருட்ட வேண்டும் என்றார் மரியஜான். முந்தைய சண்டை செல்லாது. குகை வாசலிலிருந்து மறுபடியும் தொடக்கம். வஜ்ரகேது அந்த ஆறு வாரத்தில் வாங்கிய பட்டங்கள் எல்லாம் ரத்து. ஓநாயிடம் அவன் நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

"கேக்குதேன்" என்றான் அபின். பிறகு மற்ற இருவரையும் பார்த்து, "ஒங்ககிட்டயும்" என்றான். ஜின்சி நோட்டைத் திறந்தாளே தவிர நிமிரவில்லை.

சண்டை தொடங்கியது. "பாறை மேல ஏறி, நண்டுக்க கண்ணுல வெட்டுதேன்" என்று சொல்லி அபின் உருட்டினான். இரண்டு. பாறையில் பாசி இருந்தது. பத்தாம் வஜ்ரகேது வாளோடு கடலுக்குள் போனான்.

ஷமீர் அடக்க முடியாமல் சிரித்தான். மரியஜானும். அபினுக்கும் சிரிப்பு வந்தது.

"ஜின்சி, ஒனக்க முறை" என்றார் மரியஜான். "நண்டு மறு பக்கம் பாக்குது. புதையல் பத்தடி தூரத்துல கெடக்கு."

ஜின்சி நோட்டைப் பார்த்தாள், கிண்ணத்தைப் பார்த்தாள். "அவன் எங்க கெடக்கான்?"

"தண்ணியில. கவசம் போட்டிருக்கான், தாழுதான்."

"கயிறு வீசுதேன்."

பதினொன்று விழுந்தது. பன்னிரண்டு வேண்டும் என்றார் மரியஜான், வருத்தத்தோடு.

"அப்பம் நானும் தண்ணிக்குள்ள சாடுதேன்" என்றாள் ஜின்சி. "ஏலே, கையக் குடு."

மேசைக்குக் குறுக்கே அவள் நிஜமாகவே கையை நீட்டியிருந்தாள். அபின் பிடித்துக்கொண்டான்.

"அப்பம் புதையல் முழுக்க எனக்கா?" என்று ஷமீர் மகிழ்ச்சியோடு கிண்ணத்தை இழுத்தான்.

"ஒனக்குத்தான்" என்றார் மரியஜான், இரண்டு கைகளையும் மெல்ல மேலே தூக்கிக்கொண்டு. "நண்டு இப்பம் திரும்பிட்டு. ஒன்னயத்தான் பாக்குது."