விடை தெரியாததை மட்டும் கேட்கவும்

1

காலையில் எழுகிறான். மோட்டார் போடுகிறான். தொட்டி நிரம்பும் சத்தம் மாறும்வரை சமையலறையில் நிற்கிறான். மோட்டாரை அணைக்கிறான். பல் தேய்க்கிறான். முட்டையை வேகவைக்கிறான். அது வேகும்வரை சட்டைக்கு இஸ்திரி போடுகிறான். நின்றபடியே சாப்பிடுகிறான். தட்டைக் கழுவிக் கவிழ்க்கிறான். கதவைப் பூட்டி, ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, வேலைக்குப் போகிறான்.

படிக்கிற உங்களிடம் ஒன்றை மறைக்க வேண்டாம். மேலே இருப்பவன்தான் இதை எழுதுகிறவன். 'நான்' என்று தொடங்கிப் பார்த்தான், வண்டி கிளம்பவில்லை. 'அவன்' என்று போட்டதும் கொஞ்சம் நகர்ந்தது. அப்படியே போகட்டும். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. இளவயது. மனைவி இறந்துவிட்டாள். இவ்வளவு தெரிந்தால் போதும்.

இது கேட்டு வாங்கிய கதை. மனைவியோடு வேலை பார்த்த பெண் ஒருத்தி இருக்கிறாள். தலைமுடியை வைத்து எல்லோரும் சுருட்டை என்று கூப்பிடுவார்கள். அவள் ஒருநாள் பரிசோதனைக் கூடத்துக்கு வந்து, வரிசையாக இருந்த தண்ணீர் பாட்டில்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அண்ணா, அக்காவப் பத்தி ஏதாவது எழுதிக் குடுங்க. புதுசா பயிற்சிக்கு வர்றவங்களுக்குப் படிச்சுக் காட்டணும்."

"என்னத்த எழுத?"

"அவங்க எப்படிச் சொல்லிக் குடுப்பாங்கன்னு."

"கூட இருந்தது நீ. நீ எழுதேன்."

"எனக்குப் பேனாவ எடுத்தாலே அழுகை வருது. உங்களுக்குத்தான் வரமாட்டேங்குதே."

குத்தலாகச் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னாள்.

2

முதல் தொடக்கம்: 'ஆதரவற்ற இளையோரின் பாலியல் நலனுக்காகத் தம்மை முழுமையாக அர்ப்பணித்துக்கொண்ட அன்னார்—'

அன்னார் யார்? விட்டாயிற்று.

இரண்டாம் தொடக்கம்: 'அன்று மழை பெய்துகொண்டிருந்தது.'

பெய்யவில்லை.

மூன்றாவது: 'வெங்காயம் நறுக்கிக்கொண்டே அவள் அவனை ஒரு சொல்லைச் சொல்லச் சொன்னாள்.' இது நடந்தது. வைத்துக்கொள்வோம்.

அதற்கு முன் அவளுடைய வேலை என்ன என்று சொல்லிவிட வேண்டும். பெற்றவர்கள் இல்லாத பிள்ளைகள், வீட்டைவிட்டு வந்துவிட்ட பிள்ளைகள், படிப்பு மெதுவாக ஏறுகிற பிள்ளைகள் தங்கும் விடுதிகள் இருக்கின்றன. அங்கே இருக்கிற காப்பாளர்கள், செவிலியர்கள், ஆசிரியர்கள் எல்லோரையும் கூட்டிவைத்து, அந்தப் பிள்ளைகளிடம் உடம்பைப் பற்றி எப்படிப் பேசுவது என்று அவள் கற்றுக்கொடுத்தாள். பிள்ளைகளிடம் அவள் நேரே போவது குறைவு. "பிள்ளைங்களுக்கு ஒண்ணுமில்ல. பெரியவங்களுக்குத்தான் வைத்தியம் பாக்கணும்" என்பாள்.

வைத்தியத்தில் முதல் மருந்து, உறுப்புகளின் பெயரைச் சாதாரணக் குரலில் சொல்வது. கிசுகிசுக்கக் கூடாது, சிரிக்கக் கூடாது, 'அந்த இடம்' என்று சுற்றிப் போகவும் கூடாது. பயிற்சிக்கு முந்தைய நாள் எல்லாவற்றையும் வீட்டில் அவன்மீது சோதித்துப் பார்ப்பாள்.

"யோனி. சொல்லு."

"பக்கத்து வீட்ல கேக்கும்."

"கேக்கட்டும். அவங்களுக்கும் இருக்கு. பஸ் நம்பர் சொல்ற மாதிரி சொல்லு."

அவன் பஸ் நம்பர் சொல்கிற மாதிரியே, பஸ் நிலையத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னான். மின் மீட்டர் பார்க்க வந்தவர் திறந்திருந்த கதவருகே நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க, நீங்களும் ஒரு தடவ சொல்லிட்டுப் போங்களேன்" என்றாள் அவள், கத்தியைக் கீழே வைக்காமல்.

"நான் மீட்டர் மட்டுந்தாம்மா பாப்பேன்" என்றார் அவர்.

3

பயிற்சி அறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. 'பிள்ளை நாற்காலி' என்று அதற்குப் பெயர். ஒருவர் அதில் பிள்ளையாக உட்கார்ந்து கேள்வி கேட்க வேண்டும். இன்னொருவர் எதிரே உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். எல்லா இடத்திலும் இருக்கிற முறைதான். மற்ற இடங்களில் என்ன நடக்கும் என்றால், பிள்ளையாக உட்கார்ந்தவர் மழலைக் குரலில் தனக்குத் தெரிந்ததையே கேட்பார், எதிரே இருப்பவர் தெரிந்த பதிலையே சொல்வார், எல்லோரும் கைதட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போவார்கள். இவள் அதை மாற்றினாள். நாற்காலியில் உட்காருகிறவர் தனக்கு நிஜமாகவே விடை தெரியாத ஒன்றைத்தான் கேட்க வேண்டும். அது ஒன்றுதான் விதி.

அவன் பட்டதாரி. தனக்கு எல்லாம் தெரியும் என்று இருந்தான். சாப்பாட்டு மேசையில் பிள்ளையாக உட்கார்ந்தபோதுதான் சாயம் வெளுத்தது.

"மிஸ்."

"சொல்லு தம்பி."

"ஆம்பளைக்கு எதுக்கு மிஸ் மார்புக்காம்பு?"

அவள் யோசித்தாள். "வயித்துக்குள்ள உருவாகும்போது எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்குது தம்பி. ஆண், பெண்ணுன்னு பிறகுதான் பிரியுது. அதுக்குள்ள அது வந்துருது."

"அப்போ எனக்கு அது சும்மாதான் இருக்கா?"

"உனக்கு நெறைய விஷயம் சும்மாதான் இருக்கு. தட்டக் கழுவுடா."*

* பதில் சொல்கிறவர் பிள்ளையை 'டா' போடக் கூடாது என்பதும் பயிற்சியில் அவள் சொல்வதுதான்.

4

இப்போது ஒரு பாத்திரத்தைக் கொண்டுவர வேண்டும். அதில்தான் எழுதுகிறவனுக்குச் சந்தேகம்.

விடுதிக் காப்பாளர் ஒருவர். ஐம்பதைத் தாண்டியவர். கழுத்தில் விசில் தொங்கும். விடுதிப் பிள்ளைகள் வைத்த பெயர் விசிலம்மா. [கதைக்காக மாட்டிய விசில் என்று நினைக்க வேண்டாம். விசில் நிஜம். எழுதுகிறவனே கற்பனை செய்வதாக இருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்க மாட்டான்.]

அவரைக் கொஞ்சம் கெட்டவராகக் காட்டினால் கதைக்கு நல்லது என்று முதலில் தோன்றியது. 'கருணை என்பதையே அறியாத, இரும்பு மனம் படைத்த—'

அதற்கு மேல் போகவில்லை. அந்த விடுதியில் யாருக்கு எந்தச் செருப்பு கடிக்கும் என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான். இரும்பு மனத்துக்கு அது தெரியாது.

அவர் பயிற்சிக்கு வந்த காரணம் இது. விடுதியிலேயே வளர்ந்த பெண் ஒருத்தி. இருபதைத் தாண்டியவள், ஆனால் கணக்கும் எழுத்தும் மெதுவாகத்தான் ஏறும். பாட்டு மட்டும் ஒருமுறை கேட்டாலே போதும். அட்டைப்பெட்டி மடிக்கும் இடத்தில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒருநாள் வந்து விசிலம்மாவிடம் கேட்டாள்: "கூட வேலை செய்றவன் என் கையப் பிடிச்சான். எனக்கு நல்லா இருந்துச்சு. தப்பாம்மா?"

"தப்பு. யாரு தொட்டாலும் தப்பு. போய்ப் படு" என்றார் விசிலம்மா. அவருக்குத் தெரிந்த பாதுகாப்பு அதுதான்.

பிறகு அங்கிருந்த மேற்பார்வையாளர் ஒருவன் அவளிடம் தகாத முறையில் நடந்துகொண்டான். ஒருமுறை அல்ல. அவள் யாரிடமும் சொல்லவில்லை. வேறொருவர் பார்த்துச் சொல்லித்தான் தெரிந்தது. போலீஸ் வந்தது, அவனைக் கொண்டுபோனது. விசிலம்மா அவளை உட்கார வைத்துக் கேட்டார்: "ஏன்டி, எங்கிட்ட வந்து சொல்லிருக்கலாம்ல?"

"யாரு தொட்டாலும் தப்புன்னு சொன்னீங்க. நான்தான் ஏற்கெனவே தப்புப் பண்ணிட்டேனே. திட்டுவீங்கன்னு பயமா இருந்துச்சு."

விசிலம்மா அடுத்த பயிற்சிக்கே பெயர் கொடுத்தார். அந்தப் பெண் இனி வேறோர் இடத்தில் வேலைக்குச் சேரப்போகிறாள். அதற்கு முன் அவளிடம் பேசியாக வேண்டும். அவள் வேறு யாரோடும் பேச மாட்டாள்.

பிள்ளை நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்ததும் அவருக்கு வேறு குரல் வந்தது. "உடல் என்பது நமது சொத்து. அதனைப் பேணிக் காப்பது நமது கடமை."

"அம்மா, கொடியேத்துற மாதிரி இருக்கு" என்றாள் எழுதுகிறவனின் மனைவி.

"பின்ன எப்படிப் பேசுறது?"

"செருப்பு கடிக்குதுன்னு வந்தா எப்படிப் பேசுவீங்க? அப்படி."

"செருப்புக் கடிக்கு மருந்து தெரியும். இதுக்கு எனக்கு என்னம்மா தெரியும்?"

"தெரியலன்னு சொல்லுங்க. சொல்லிட்டு எந்திரிச்சுப் போகாம உக்காந்திருங்க. அடுத்த வாரம் பாப்போம்."

அடுத்த வாரம் அவள் இல்லை. காய்ச்சல் என்று சேர்த்தார்கள், ரத்தத்தில் கிருமி என்றார்கள், முடிந்துவிட்டது. [இந்த இடத்தை விரித்து எழுதச் சொல்லி யாரும் கேட்கக் கூடாது.]

5

சுருட்டை அன்று பரிசோதனைக் கூடத்துக்கு வந்து கேட்டவை இரண்டு. இரண்டாவதை இவ்வளவு நேரம் தள்ளிப்போட்டாயிற்று.

"எதிர்ல யாரு உக்காந்தாலும், பொய்க் கேள்வி கேக்குறாங்கன்னு விசிலம்மா எந்திரிச்சுப் போயிர்றாங்க. திங்கக்கிழமை அந்தப் பொண்ணு வேலைல சேர்றா. நீங்க வந்து நாற்காலில உக்காருங்கண்ணா. அக்காவுக்கே பிள்ளையா இருந்தவரு நீங்க."

போனான். அடைத்த மருந்தகத்துக்கு மேல் மாடி. மின்விசிறி சுற்றும்போது டக் டக் என்று ஒரு சத்தம். சுவரில் கருப்பையின் படம் தலைகீழாக மாட்டியிருந்தது. அத்தனை பயிற்சி பெற்றவர்களில் ஒருவரும் கவனிக்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

உட்கார்ந்தான். எதிரே விசிலம்மா. அவன் ஒரு கேள்வியைத் தயார்செய்து கொண்டுபோயிருந்தான், குரல் ஏன் உடைகிறது என்று.

கேட்டு முடிக்கும் முன்பே அவர் கையைக் காட்டினார். "தம்பி, இது உங்களுக்குத் தெரியும். மூஞ்சியிலயே எழுதியிருக்கு."

மின்விசிறி. டக் டக். அவர் எழப் போனார். சுருட்டை அவனைப் பார்த்தாள்.

"என்னை இப்போ யாரும் தொடுறதில்ல" என்றான் அவன்.

இதை அவன் கேட்கவென்று வரவில்லை. வாயில் வந்துவிட்டது, இனி விழுங்க முடியாது.

"முடி வெட்டுற கடையில தலையப் பிடிச்சுத் திருப்புவாங்கள்ல. அதுக்காகவே அடிக்கடி போறேன். வெட்டுறதுக்கு முடியே இல்ல. இருந்தாலும் போறேன். தப்பா?"

யாரும் சிரிக்கவில்லை. பயிற்சி வேலை செய்திருந்தது.

விசிலம்மா மெதுவாக உட்கார்ந்தார். விசிலை விரலில் சுற்றினார், விட்டார். கொடியேற்றும் குரல் வரப்போகிறது என்று அவன் நினைத்தான்.

"தப்பில்ல" என்றார்.

பிறகு, "உடம்பு கேக்கத்தான் செய்யும். எல்லாருக்கும் கேக்கும். எனக்கும் கேட்டுச்சு. அதுல என்ன தப்பு? எப்படி நிறுத்துறதுன்னு கேட்டீங்கன்னா எனக்குத் தெரியாது."

"ம்."

"அந்த ஆளு நல்லாத்தான் வெட்டுறாரா?"

"சுமாரா."

"அதான் தெரியுதே."

இப்போது எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்திருக்க வேண்டும், முகம் நகர்ந்தது. சிரிப்பு ஓய்ந்தபோதும் விசிலம்மா அவனிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆனால் குரல் இறங்கிவிட்டது. செருப்பைக் கழற்றச் சொல்லி, எங்கே கடிக்கிறது என்று பார்க்கிற குரல்.

"பிடிச்சவங்க தொட்டு உனக்கு நல்லா இருந்துச்சுன்னா அது தப்பில்ல. உனக்குப் பிடிக்காத மாதிரி ஒருத்தன் தொட்டா அது அவன் தப்பு. அதுக்கு முன்னாடி என்ன நடந்திருந்தாலும் சரி, உன் தப்பு இல்ல. நான் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன்டி. எங்கிட்ட வந்து சொல்லு. திட்ட மாட்டேன்."

நாற்காலியில் அவன் உட்கார்ந்திருந்தான். ஆனால் அங்கே இருந்தது வேறொருத்தி. அவன் அசையாமல் இடம் கொடுத்தான்.

சுருட்டை அழுதாள். எழுதுகிறவன் அழவில்லை. அழுதான் என்று போட்டால் கதை இன்னும் நன்றாக இருக்கும் என்று தெரியும். வேண்டுமானால் நீங்கள் அழவைத்துக்கொள்ளுங்கள்.

6

முடிவுகள்.

(அ) ஞாயிற்றுக்கிழமை விசிலம்மா அந்தப் பெண்ணோடு விடுதியின் துணி காயப்போடும் மாடியில் உட்கார்ந்து பேசினார். இது நடந்தது. என்ன பேசினார்கள் என்று சுருட்டை போனில் கேட்டாள். "அது அவளுக்கும் எனக்கும் உள்ளது" என்று சொல்லி வைத்துவிட்டார். திங்கட்கிழமை அந்தப் பெண் வேலையில் சேர்ந்தாள். அந்தப் பேச்சை எழுதுகிறவன் கற்பனை செய்து ஒரு பக்கம் எழுதினான். நன்றாகவே வந்திருந்தது. அது அவனுடையது இல்லை என்பதால் கிழித்துப்போட்டான்.

(ஆ) அவன் முடிவெட்டும் கடைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டான்—

பொய்.

(இ) சுருட்டை இதை வாங்கிப் படித்துவிட்டுச் சொன்னாள்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா கடைசில அக்கா சொன்ன மாதிரி ஒரு வாசகம் வேணும்ணா. புதுசா வர்றவங்க எழுதி வச்சுக்குவாங்க."

'பிள்ளைகளுக்கு முதலில் காது கொடுங்கள்.' அவள் இப்படிப் பேசமாட்டாள்.

'நான் இல்லாவிட்டாலும் இந்தப் பணி—' பணி என்ற சொல்லையே அவள் வாயில் கேட்டதில்லை.

'என்னை மறந்துவிடு.' சொல்லியிருந்தால் சண்டை வந்திருக்கும்.

எனவே சுருட்டைக்கும் உங்களுக்கும் பொருத்தமான முடிவை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். எழுதுகிறவனால் முடிந்தது, அவள் கடைசியாகச் சொன்னதை உள்ளபடி எழுதுவது மட்டும்தான். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே கை கழுவினால்தான் உள்ளே விடுவார்கள். கழுவிவிட்டுப் போனான். கண்ணை மூடிப் படுத்திருந்தாள். விரல்களைப் பிடித்தான். அவள் சொன்னாள். அவன் அப்படியே செய்தான். நர்ஸ் வந்து எழுந்து போகச் சொல்லும்வரை செய்தான். அதை முன்கூட்டியே இங்கே சொல்லிவிடுகிறான், கடைசி வரி அவளுடையதாக இருக்கட்டும் என்று.

"கை ஜில்லுனு இருக்குடா. நல்லாத் தேய்ச்சுட்டுப் பிடி."