பளபளத்த இரண்டாம் ஜெனரேட்டர்

துறைமுகத்துக்குள் நுழையப் போகிற நேரத்தில், பட்டப்பகலில், கப்பல் முழுக்க மின்சாரம் போயிற்று. நங்கூரத்தைப் போட்டுத்தான் கப்பலை நிறுத்தினார்கள். மின் அதிகாரியான அவள் கட்டுப்பாட்டு அறைக்குள் மூச்சிரைக்க ஓடி வந்தபோது, செகண்ட் எஞ்சினியர் நாற்காலியில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“வா பாப்பா. உன் எலக்ட்ரானிக் கார்டுதான் போயிருக்கு.”

இந்த மகானுபாவர் அவளுடைய பெரியம்மா மகளைக் கட்டியவர். ‘அத்தான் இருக்கிற கப்பல், என்ன பயம்?’ என்று சொல்லித்தான் வீட்டில் அவளை அனுப்பி வைத்தார்கள். அத்தானுக்குத் தெரிந்த வைத்தியம் இரண்டே இரண்டு. ஒன்று, ‘சரியாயிடும்’ என்கிற வார்த்தை. மற்றது பெயிண்ட். எது ஒழுகினாலும், எது துருப்பிடித்தாலும் மேலே ஒரு பூச்சு. கப்பலில் அவருக்குப் பட்டப்பெயரே ‘சரியாயிடும்’தான்.

சேர்ந்து ஓடும் இரண்டு ஜெனரேட்டர்களும் மின்சுமையைச் சமமாகப் பகிர வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வது, அவள் பொறுப்பில் இருந்த அந்த எலக்ட்ரானிக் கார்டு. ஆனால் சில நாட்களாகவே பெரிய பம்பு எதையாவது போட்டால் முதலாவது மட்டும் மூச்சுமுட்டித் திணறும். இரண்டாவது, பந்தி பரிமாறக் கூப்பிட்டால் காது கேட்காத சித்தப்பா மாதிரி நிற்கும். அத்தான் கட்டுப்பாட்டுப் பலகையின் குமிழைத் திருகித் திருகியே ஒப்பேற்றினார். இன்று கப்பலின் முகப்பைத் திருப்பும் பெரிய மோட்டாரைப் போட்டதும் முதலாவது தாங்காமல் நின்றது. மொத்தச் சுமையும் தலையில் விழ, இரண்டாவதும் படுத்துவிட்டது. மூன்றாவது எப்போதோ பிரித்துப் போட்டபடி கிடந்தது.

“துறைமுகத்துக்குள்ள வழிகாட்டுற பைலட் வர்றதுக்குள்ள கண்டுபிடிங்க. யார் தப்புன்னு அப்புறம் அடிச்சுக்கலாம்” என்றார் சீஃப் எஞ்சினியர்.

இரண்டையும் மறுபடி ஓட்டி, சுமை பகிரும் கார்டையே இணைப்பிலிருந்து விலக்கினாள். கையாலேயே சமன் செய்துவிட்டுப் பம்பைப் போடச் சொன்னாள். முதலாவது திணறியது. இரண்டாவது அசையவில்லை.

“இப்ப கார்டே இல்ல அத்தான். யார் மேல பழியப் போடலாம்?”

“கொஞ்ச நேரம் ஓடட்டும் பாப்பா, சரியாயிடும்.”

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்று முணுமுணுத்துக்கொண்டே கீழே இறங்கினாள். இரண்டாம் ஜெனரேட்டர் புது மஞ்சள் பெயிண்டில் ஜொலித்துக்கொண்டு நின்றது. வாக்கிடாக்கியில், “வேகத்தைக் கூட்டுங்க” என்றாள். எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் கருவியின் கை உடனே அசைந்தது. அது தள்ள வேண்டிய எரிபொருள் தண்டு சும்மா இருந்தது. சற்றுப் பொறுத்து வெடுக்கென்று குதிக்க, எஞ்சின் உறுமியது. டார்ச்சை அடித்துப் பார்த்தாள். எண்ணெய் விட வேண்டிய மூட்டுகளில் எல்லாம் மஞ்சள் பெயிண்ட் கெட்டியாகக் காய்ந்திருந்தது.

“அத்தான், கீழ வாங்க!”

வந்தார். “கப்பலைச் சோதிக்க இன்ஸ்பெக்டர் வர்றாரேன்னு அடிச்சேன். நல்லாருக்குல்ல?”

“மேலே பளபளப்பு, உள்ளே ஈறும் பேனும்! மூட்டுக்கெல்லாம் போய் யாராவது பெயிண்ட் அடிப்பாங்களா? கவர்னர் தள்ளுது, தண்டு நகர மாட்டேங்குது.”

“அது ஓட ஓட சரியா...”

பின்னாலேயே வந்திருந்த சீஃப், இரண்டாவதை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஒரு டப்பா தின்னரையும் பிரஷ்ஷையும் அத்தான் கையில் திணித்தார். “ஓட வேணாம். உக்காந்து சுரண்டுங்க.”

அத்தான் குந்தி உட்கார்ந்து சுரண்டினார். வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. டார்ச் பிடித்து நின்ற அவள், அக்கா முகத்துக்காகவாவது கொஞ்சம் இரக்கப்படலாம் என்று முயன்று பார்த்தாள்.

“லைட்ட ஓரமாக் காட்டு பாப்பா. பக்கத்துப் பெயிண்ட்ல கீறல் விழுந்துடப்போகுது” என்றார்.

முயற்சியைக் கைவிட்டாள்.

சுத்தம் செய்து எண்ணெய் விட்டதும் தண்டு விரலால் தொட்டாலே நகர்ந்தது. பம்பைப் போட்டார்கள். இரண்டு ஜெனரேட்டர்களின் சுமை காட்டும் மீட்டர் முட்களும் ஒன்றாக ஏறின. பைலட் வந்தார், கப்பல் உள்ளே போயிற்று.

கரையில் கட்டியதும் பெரியம்மாவிடமிருந்து போன். “என்னடி, கப்பலே நின்னு போச்சாமே? அத்தான் மட்டும் இல்லேன்னா நீ திண்டாடியிருப்பியாம், இப்பத்தான் சொன்னாரு.”

“ஆமா பெரியம்மா” என்றாள். “அவர் இல்லேன்னா இந்தக் கப்பல்ல எனக்கு வேலையே இருந்திருக்காது.”

பெரியம்மா பூரித்துப்போய் அக்காவிடம் போனைக் கொடுத்தாள்.