பாலத்தில் இறக்கப்பட்டவன்

துஷான்பே நகரத்தில் ஒரு கல்லூரியில் இலக்கியம் நடத்திக்கொண்டிருந்தாள் சவ்சன். இலக்கிய இதழ் ஆசிரியர் கோம்ரோன் அவளை அழைத்து இரண்டு நாவல்களைக் கையில் கொடுத்தார். இரண்டுமே, பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு பகைத்துக்கொண்ட பழைய உள்நாட்டுப் போரைப் பற்றியவை. ஒன்று, போன வருடம் விருது வாங்கிய நுஸ்ரத்ஷோவின் ‘பாலத்தின் காவலர்கள்’. தடிமனான புத்தகம், தளபதிகளும் சண்டைகளும் சபதங்களும் நிறைந்தது. இன்னொன்று ஒய்தீனா என்ற பெண் எழுதிய ‘நான்காவது மாடி’. மெல்லிய தாளில் அச்சாகி யார் கண்ணிலும் படாமல் போனது. அதில் துப்பாக்கிச் சத்தம் தொலைவில்தான் கேட்கும். தண்ணீர் வராத குழாய், மாவுக்கான வரிசை, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேச்சை நிறுத்திக்கொண்டவர்கள், இவைதான் கதை.

“ரெண்டையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை வேணும், டீச்சர். ஒருத்தர் போரைப் பார்க்கிறார், இன்னொருத்தர் போரோட விளைவைப் பார்க்கிறார்னு அழகா எழுதிடுங்க. யார் மனசும் நோகாம” என்றார் கோம்ரோன்.

அப்படித்தான் எழுத உட்கார்ந்தாள். பாதியில் கை நின்றுவிட்டது.

இரண்டு நாவலிலும் ஒரு பேருந்து வக்ஷ் ஆற்றுப் பாலத்தில் நிறுத்தப்படுகிறது. ஆயுதம் ஏந்தியவர்கள் ஏறி, யார் எந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவர் என்று அடையாள அட்டைகளைப் பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் ஒரு பயணியின் பைக்குள் அலாரம் அலறுகிறது. வெடிகுண்டு என்று எல்லோரும் குனிந்துகொள்கிறார்கள். பையைத் திறந்தால் கடிகாரம். அதில் ஒரு சேவல் ஒவ்வொரு நொடிக்கும் தலையை ஆட்டித் தானியம் கொத்துகிறது. சேவலின் கழுத்தில் மட்டும் சாயம் போயிருக்கிறது. பேருந்தே சிரிக்கிறது. காவல்காரனும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறான்.

நுஸ்ரத்ஷோவின் நாவலில் அந்தச் சிரிப்போடு காவல்காரன் வழிவிடுகிறான். கடிகாரக்காரன் வீடு போய்ச் சேருகிறான். ஒய்தீனாவின் நாவலில் காவல்காரன் சிரித்து முடித்துவிட்டு, “நீ இறங்கு” என்கிறான். பக்கத்து இருக்கை இளைஞன் ஒருவன் மட்டும் எழுந்து தடுக்கிறான். துப்பாக்கிக் கட்டையால் வாயில் அடி வாங்குகிறான். கடிகாரக்காரன் திரும்பி வரவே இல்லை.

சாயம் போன கழுத்து வரைக்கும் இரண்டு பேருக்கு ஒரே கற்பனை வருமா? ஒய்தீனாவின் புத்தகம்தான் முந்தியது, மூன்று வருடம் முன்னால் வந்தது. விருதுக்காரர் திருடிவிட்டார் என்று சவ்சன் முடிவு கட்டினாள்.

அவள் போய்ச் சொன்னதும் கோம்ரோன் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். “இதை உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தாங்க?”

“யாரும் சொல்லலைண்ணே. படிச்சேன்.”

“நுஸ்ரத்ஷோ எந்தப் பக்கத்து ஆளுன்னு தெரியுமில்ல? உங்க அப்பா எந்தப் பக்கம்னும் ஊருக்குத் தெரியும். நீங்க வாயைத் திறந்தா அது இலக்கியமா இருக்காது, பழைய பகையா இருக்கும். எனக்கே அப்படித்தான் தோணுது, பாருங்க.”

அந்தக் கடைசி வாக்கியம் சவ்சனைச் சுட்டது. நேராக அச்சகத்துக்குப் போய் ஒய்தீனாவின் முகவரியை வாங்கினாள்.

கதவு சங்கிலி நீளத்துக்கு மட்டும் திறந்தது. அறுபது வயதுப் பெண்ணின் ஒரு கண் தெரிந்தது.

“யார் அனுப்பினது?”

“நானாத்தான் வந்தேங்க்கா. உங்க நாவலைப் பத்திக் கட்டுரை எழுதறேன்.”

“எந்த ஊரு நீ?”

“இங்கேதான் பொறந்தேன்.”

“ஊர் கேட்டா இங்கே பொறந்தேன்னு சொல்றவங்க எதையோ மறைக்கிறவங்க” என்றாள் ஒய்தீனா. சவ்சன் தன் அப்பாவின் பள்ளத்தாக்கைச் சொன்ன பிறகுதான் சங்கிலி விலகியது. தேநீர் வந்தது, ஆனால் கிண்ணம் விளிம்பு வரை நிரம்பியிருந்தது. குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம்.

கடிகாரப் பகுதியைச் சவ்சன் வாசித்துக் காட்டினாள். ஒய்தீனா புத்தகத்தை வாங்கி மூடி வைத்தாள்.

“கடிகாரம் என் வீட்டுக்காரரோடது. சஃபர்மத்னு பேரு. ரிப்பேர் பண்ணி எடுத்துட்டு வந்துட்டு இருந்தார். அந்த இலையுதிர்காலத்துல ஒரு பையன் பையைக் கொண்டுவந்து வாசல்ல நின்னான். நடந்ததை எல்லாம் சொன்னான். உள்ளே வரலை, தேநீர் குடிக்கலை, பேரும் சொல்லலை. முன்பல்லு உடைஞ்சிருந்துச்சு. உங்க புருஷனுக்காகப் பேசினேன், அடிச்சு உடைச்சிட்டாங்கன்னு சொன்னான்.”

சவ்சன் விருது நாவலின் பின்னட்டைப் படத்தை நீட்டினாள். ஒய்தீனா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

“மீசை இருக்கு. வாயை மூடிக்கிட்டு இருக்கான். பல்லு தெரியலையே” என்று படத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

நுஸ்ரத்ஷோ பூங்காவுக்கு எதிரே இருந்த தேநீர்க் கடைக்கு வரச் சொன்னார். நாற்பத்தைந்து வயது இருக்கும். வணக்கம் சொல்லும்போதே முன்பல்லில் தங்கம் மின்னியது.

“விருது கிடைச்சதிலிருந்து என்னைக் குழிக்குள்ள தள்ளப் பலபேர் காத்திருக்காங்க. நீங்க யாரோட ஆளு?” என்றார் எடுத்த எடுப்பிலேயே.

“சஃபர்மத்தோட வீட்டுல இருந்து வரேன், ஐயா.”

அவர் ரொட்டியைப் பிய்க்கப் போன கையை மடியில் வைத்துக்கொண்டார்.

ஒய்தீனாவின் நாவலை அவர் முன்னால் வைத்து, “இதிலிருந்து திருடினீங்களா?” என்று கேட்டாள் சவ்சன்.

“அந்தம்மா புஸ்தகத்தை நான் படிச்சதே இல்லை. எழுதினாங்கன்னே இப்போதான் தெரியும். எனக்குத் திருட வேண்டிய அவசியமில்லை. பஸ்ல பக்கத்து இருக்கை நான்தான்.”

“அப்போ ஏன் உங்க கதையில அவரை வீட்டுக்கு அனுப்பினீங்க?”

“மூணு தடவை உண்மையா எழுதிப் பார்த்தேன். கை வரலை. கதையிலயாவது போய்ச் சேரட்டும்னு விட்டுட்டேன். படிக்கிறவங்களும் அதைத்தான் கொண்டாடினாங்க.”

“ஆனா நீங்க எழுந்து தடுத்தீங்க. பல்லை உடைச்சாங்க. அதை ஏன் எழுதலை?”

நுஸ்ரத்ஷோ சுற்றிலும் பார்த்தார். பக்கத்து மேசையில் காருக்கான டயர் பற்றி இருவர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். குரலைத் தாழ்த்தினார்.

“இந்தப் பல்லு நான் சின்ன வயசுல வாதுமைக் கொட்டையைக் கடிச்சு உடைச்சது. பாலத்துல காவல்காரன் என்னைப் பார்த்து, ‘இவன் உன்கூட வந்தவனா?’ன்னு கேட்டான். வழியெல்லாம் பேசிட்டே வந்தோம். நான், ‘யாருன்னே தெரியாது’ன்னு சொன்னேன். அப்புறம்தான் அவரை இறக்கினாங்க. அந்தம்மா வாசல்ல நின்னு என் பல்லையே பார்த்தாங்க. வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன்.”

சவ்சன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் ஒரு கதை, புத்தகத்தில் ஒரு கதை, இங்கே ஒரு கதை. எதை நம்புவது? நாவலாசிரியர் கண்கலங்கினால்கூடச் சந்தேகமாகத்தான் இருந்தது.

“இதை என்கிட்ட சொல்லிப் பிரயோஜனமில்லை. என்கூட வாங்க” என்றாள்.

வருவார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. வந்தார்.

மறுபடியும் கதவு சங்கிலி நீளத்துக்குத்தான் திறந்தது. ஒய்தீனா அவரைப் பார்த்தாள். சங்கிலியைக் கழற்றவில்லை. அந்த இடுக்கு வழியாகவே நுஸ்ரத்ஷோ எல்லாவற்றையும் சொன்னார். பல்லைப் பற்றியும் சொன்னார். கீழ்த்தளத்தில் யாரோ கம்பளம் தட்டும் ஓசை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

“துப்பாக்கிக் கட்டை பட்டா உதடு கிழியாதா, தம்பி?” என்றாள் ஒய்தீனா. “அன்னைக்கு உன் உதட்டுல ஒரு கீறல் இல்லை. அப்பவே பார்த்தேன்.”

சவ்சன் திகைத்தாள். “தெரிஞ்சுமா எழுதினீங்க?”

“அவருக்காக ஒருத்தனாவது வாயைத் திறந்தான்னு இருக்கட்டுமேன்னு எழுதினேன். பிள்ளைங்க படிக்குமில்ல.” பிறகு நுஸ்ரத்ஷோவிடம் திரும்பினாள். “உன் கதையில நீ அவரை வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டியாமே. யாரைக் கேட்டு விட்ட?”

கதவு மூடிக்கொண்டது.

சவ்சன் கட்டுரையை எழுதி முடித்தாள். திருட்டு என்ற சொல் அதில் இல்லை. வாசலில் கேட்டதும் இல்லை. ஒருவர் போரை வெற்றி தோல்வியாகவும் இன்னொருவர் அடுப்படியாகவும் காட்டுகிறார்கள், ஆனால் பாலத்துக்கு வந்ததும் இருவருமே தாங்க முடியாத ஒன்றை மாற்றி எழுதியிருக்கிறார்கள், மற்ற பக்கங்களைவிட அந்த மாற்றம்தான் போர் என்ன செய்தது என்று சொல்கிறது என எழுதியிருந்தாள். கோம்ரோன் ஒவ்வொரு வரியாக முகர்ந்து பார்த்தார்.

“மாற்றி எழுதியிருக்காங்கன்னு எதை வெச்சுச் சொல்றீங்க?”

“ரெண்டையும் படிங்கண்ணே.”

அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் அச்சேற்றினார்.

இதழ் வந்த வாரம் ஒய்தீனா தொலைபேசியில் கூப்பிட்டாள். கட்டுரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

“அந்தப் பையன் வழியெல்லாம் பேசிட்டே வந்தேன்னு சொன்னானில்ல. என்ன பேசினார்னு கேட்டுச் சொல்லு.”

“நீங்களே கேட்டா என்னக்கா?”

“பொய் சொல்லுவான்.”

“சொல்லலாம்தான்.”

மறுமுனையில் எதையோ தேடும் சத்தம், இழுப்பறை திறக்கும் சத்தம்.

“சரி, அவன் நம்பரைச் சொல்லு” என்றாள் ஒய்தீனா. “மெதுவாச் சொல்லு, எழுதிக்கறேன்.”