நாலாவது கால்

கோபிநாத் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்பாவின் காலடியில் குந்தியிருந்தான். கும்பிடுவதற்காக இல்லை. அப்பாவை வைத்திருந்த ஐஸ் பெட்டி காலையிலிருந்து டடடடவென்று ஆடிக்கொண்டிருந்தது. அடியில் மோட்டார் ஓட ஆரம்பித்தால் போதும், கண்ணாடி மூடி குளிர்க்காய்ச்சல்காரன் பல்லைப் போல அடித்துக்கொண்டது. மேலே சாத்திய மாலைகள் நகர்ந்து நகர்ந்து ஒரு பக்கமாக ஒதுங்கின. பெட்டியை இறக்கி வைத்துவிட்டுப் போனவன் போனை எடுக்கவில்லை.

“எடுக்காட்டிப் போறான். நம்ம வீட்லயே டாக்டரு இருக்கையில அவன் எதுக்கு?” என்றார் சித்தப்பா பழனிச்சாமி.

டாக்டர் என்றால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை என்பது திருவரங்குளத்தில் இப்போது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் ஆரம்பத்தில் முழங்கால் வலியோடு வந்த ஒன்றிரண்டு பேரையும் அப்பாதான் சமாளித்து அனுப்பியிருக்கிறார். கோபிநாத் முனைவர் பட்டம் வாங்கியதே அதிர்வில். லேத் மெஷினில் இரும்பைக் கடையும்போது மெஷின் ஏன் நடுங்குகிறது, கடைந்த இரும்பில் ஏன் வரிவரியாகக் கோடு விழுகிறது, கண்ணாடி மாதிரி வழவழப்பு வர என்ன செய்ய வேண்டும். இருநூற்றுப் பதினாலு பக்கம். அத்தனையும் கம்ப்யூட்டருக்குள் ஓடிய லேத்.

அப்பா நல்லதம்பி முப்பத்தொரு வருஷம் திருச்சியில் லேத் ஓட்டும் டர்னராக நின்றவர். அந்தப் புத்தகத்தை எச்சில் தொட்டுக் கடைசிப் பக்கம் வரை புரட்டிவிட்டு, “இதுல ஜாப்பு எங்கப்பா இருக்கு?” என்று கேட்டார். கடைந்த இரும்புத் துண்டைத்தான் டர்னர்கள் ஜாப் என்பார்கள். கோபிநாத் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு, “காலேஜ்ல பேசியாச்சுப்பா. அடுத்த மாசம் சேரச் சொல்லிட்டாங்க” என்றான். அப்பா புத்தகத்தை மூடி டிவி மேல் வைத்தார்.

இது நடந்து பதினாறு வருஷம் ஆகிறது. இப்போது கோபிநாத் துறைத்தலைவர். பந்தல் முகப்பில் கட்டியிருந்த பிளக்ஸில் நல்லதம்பி ஒரு மூலையில் வட்டத்துக்குள் அடங்கியிருந்தார். பட்டமளிப்பு அங்கி போட்டு முழு உயரத்துக்கு நின்றவன் கோபிநாத். கீழே ‘அதிர்வியல் அறிஞரின் அன்புத் தந்தை’ என்று இருந்தது. பிளக்ஸ் கடைக்காரர் தானாகப் போட்டுவிட்டார் என்று காலையிலிருந்து நாலைந்து பேரிடம் சொல்லிவிட்டான்.

அறிஞர் ஸ்பானரை வாங்கி ஸ்டாண்டின் நட்டுகள் ஒவ்வொன்றாக முறுக்கினார். நாலு காலும் இறுகின. மோட்டார் ஓடியது. டடடட என்றிருந்தது இப்போது டமடமடம என்றாயிற்று.

“முன்னைக்கு இது தேவலாம்” என்றார் சித்தப்பா, காது மந்தமானவர்.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா செவந்தி மகனின் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பெரிய ஸ்பானர் வேணும். பட்டறையில இருக்கும்” என்று எழுந்தான்.

“அங்கிட்டு இப்ப எதுக்குப்பா?” என்றாள் அம்மா. அதற்குள் அவன் கொல்லைப்பக்கம் திரும்பிவிட்டான்.

ஓய்வு பெற்ற பிறகு அப்பா ஒரு பழைய நாலரை அடி லேத்தைக் கொண்டுவந்து கொல்லையில் தகரக் கொட்டகை போட்டு நிறுத்தியிருந்தார். தைப்பொங்கலுக்கு அப்புறம் ஒரு நாள் போன் பண்ணினார். “மெஷின் நடுங்குது தம்பி. டூலைத் தீட்டிப் பாத்துட்டேன், கட்டையாப் புடிச்சும் பாத்துட்டேன். கோடு விழுகுறது நிக்க மாட்டேங்குது. ஒரு எட்டு வந்து பாக்குறியா?” கல்லூரிக்கு ஆய்வுக்குழு வருகிற வாரம் அது. வருகிறவர்களுக்குச் சந்தனமாலையா ஏலக்காய் மாலையா என்ற விவாதத்தின் நடுவில் கோபிநாத் போனை எடுத்திருந்தான். “அடியில கனமா கான்கிரீட் போட்டு, நாலு காலையும் போல்ட் வச்சு நல்லா இறுக்கிருங்கப்பா. அசைய விடாதீங்க, அவ்வளவுதான்.” மொத்தம் அரை நிமிஷம்.

பத்து நாள் கழித்து அவனாகவே கேட்டான். “நல்லாருக்குப்பா. இப்ப ஆடுறதே இல்ல” என்றார் அப்பா.

அந்த ஒரு வரியை வைத்து மூன்று கல்லூரிகளில் சிறப்புரை ஆற்றிவிட்டான். அப்பா லேத் முன்னால் நிற்கிற படம் கடைசி ஸ்லைடு. ஆராய்ச்சி குடிசைக்குள் போக வேண்டும் என்று அவன் குரலைத் தாழ்த்திச் சொல்லும் இடத்தில் கைதட்டு நிச்சயம்.

நேற்றுக் காலை அம்மா போனில், “பட்டறையில விழுந்துட்டாருப்பா” என்று மட்டும் சொன்னாள். ஓடுகிற மெஷின் முன்னால் விழுந்திருப்பார் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

கொட்டகைக்குள் பிராங்க்ளின் நின்றிருந்தார். அன்னவாசல்காரர். அப்பாவோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர். சம்மட்டியையும் உளியையும் சுவரோரம் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தார். லேத்தைச் சுற்றித் தரை கொத்திப் போட்டிருந்தது. ஜல்லியும் சிமெண்டுப் பொடியும் குவிந்து கிடந்தன. மூன்று கால்களின் போல்டுகள் அறுபட்டிருந்தன. நாலாவது காலைச் சுற்றிப் பாதி வட்டம் உடைத்திருந்தது. மீதிப் பாதி கான்கிரீட் அப்படியே இருந்தது.

“இது என்ன மாமா?”

“ஒங்கப்பா வேலதான். ரெண்டு மாசமா தினம் காலையில கொஞ்சம் கொஞ்சமாக் கொத்திக்கிட்டு இருந்தாரு. நேத்தும் அதான்.”

“எதுக்கு?”

“தரை மட்டமா இல்லைல்ல தம்பி. இந்தக் கால் ஒரு நூல் தூக்கி நின்னுருக்கு. அதை அப்படியே வச்சு இறுக்குனா மெஷின் படுக்கையே முறுக்கிக்கும்ல. முன்னாடி கோடு மட்டுந்தான் விழுந்துச்சு. இறுக்குனதுக்கு அப்புறம் கடைஞ்ச உருட்டுக் கம்பி ஒரு முனை பருத்து ஒரு முனை சிறுத்து வந்துச்சு. தொடாத காலுக்கு ஒரு துண்டுத் தகடு பேக்கிங் வச்சிருந்தாப் போதும். ஐடிஐ பையனுக்குத் தெரியும்.”

கோபிநாத் லேத்தின் கைப்பிடியைத் தொட்டான். தொட்டதும் கையை எடுத்தான்.

“அப்பாவுக்குத் தெரியாதா?”

“தெரியாம என்ன. நானே ஏசுனேன். முப்பது வருசம் மெஷின்ல நின்ன மனுசன், எவன் பேச்சக் கேட்டு இப்படிப் பண்ணுனீகன்னேன். ஒரு படிச்ச ஆளு சொன்னான், செஞ்சு பாத்துருவோமேன்னு செஞ்சேன்னாரு. ஆளு யாருன்னு கேட்டேன். சொல்லல.”

வெளியே பெட்டி டமடமத்தது. சொல்ல வேண்டியது இரண்டே வார்த்தை. நான்தான் சொன்னேன்.

“ஆள் வச்சு உடைச்சிருக்கலாம்ல” என்றான்.

“அதயுந்தான் சொன்னேன். ஹார்ட்ல ஸ்டென்ட் வச்ச ஆளு, சம்மட்டி தூக்காதீகன்னு. ஆள் விட்டா வெளிய தெரியும், சொன்னவனுக்கு அசிங்கம்னுட்டாரு.” பிராங்க்ளின் துண்டை உதறித் தோளில் போட்டார். “அந்தப் படிச்சவன் ஆரோ, கேதத்துக்கு வந்தானோ என்னமோ.”

அவர் எதையும் குத்திச் சொல்வதாகத் தெரியவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

“ஸ்பானர் எடுக்க வந்தேன் மாமா” என்றான் கோபிநாத்.

அவன் திரும்பியபோது கல்லூரித் தாளாளர் வந்திருந்தார். ஆளுயர மலர்வளையத்தை இரண்டு உதவிப் பேராசிரியர்கள் பிடித்திருந்தார்கள். நாடாவில் கல்லூரியின் பெயரும், இந்த வருஷம் அட்மிஷன் நடக்கிற பாடப்பிரிவுகளும் இருந்தன. தாளாளர் தொண்டையைச் செருமினார். மைக் இல்லாத குறையைக் குரலால் ஈடுகட்டினார்.

“ஐயா அவர்கள் ஒரு சாதாரணத் தொழிலாளி. ஆனால் அவருடைய பட்டறையில் இருந்த அதிர்வை, பெற்ற மகனே, தன்னுடைய ஆராய்ச்சியால்…”

டமடமடம.

“தன்னுடைய ஆராய்ச்சியால் அடியோடு…”

டமடமடமடம.

அம்மா எழுந்தாள்.

“நீ எதுக்குடி எந்திரிக்கிற? இன்னைக்கு நீ எந்திரிக்கக் கூடாது” என்று நாத்தனார் கண்ணாத்தாள் முந்தானையைப் பிடித்தாள். அம்மா முந்தானையை விடுவித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். வரும்போது கையில் பவுடர் டப்பாவை வெட்டிய தகரத் துண்டு ஒன்று இருந்தது. அதை இரண்டாக மடித்துப் பல்லால் கடித்து நசுக்கினாள். பெட்டியின் ஸ்டாண்டைச் சுற்றி வந்து ஒவ்வொரு காலாகக் கட்டை விரலால் தள்ளிப் பார்த்தாள். நாலாவது கால் அசைந்தது. குனிந்து அதன் அடியில் தகரத்தைச் செருகினாள்.

சத்தம் நின்றது. மோட்டார் ஓடுகிறதா என்றே சந்தேகம் வந்தது. அம்மா ஒற்றை விரலைக் கண்ணாடி மேல் வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். லேத் ஓடும்போது அப்பா அப்படித்தான் வைப்பார்.

கோபிநாத் பக்கத்தில் போனான். அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி அம்மா சொன்னாள்: “எடுத்த ஒடனே இறுக்கக் கூடாதுப்பா. எந்தக் கால் தொடலைன்னு மொதல்ல வந்து பாக்கணுமாம்.”

“அம்மா…”

“ஒங்கப்பா சொல்லுவாரு.” அவள் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

“பாத்தீகளா, நின்னுபோச்சு” என்றார் சித்தப்பா ஊருக்கே கேட்கும்படி. “டாக்டரு ஸ்பானரோட அங்கிட்டுப் போயி வந்தாரு, சரியாயிருச்சு.”

உதவிப் பேராசிரியர்களில் ஒருவன் பழக்கதோஷத்தில் கைதட்டப் போய், பாதியில் கைகளைக் கும்பிடாக மாற்றிக்கொண்டான். தாளாளர் புன்னகையை அளவாக வெளியிட்டார். “அதைத்தான் நான் சொல்ல வந்தேன்” என்றார்.

பந்தல் காலில் சாய்ந்து நின்ற பிராங்க்ளின் மெதுவாகத் தலையைத் திருப்பினார். பிளக்ஸில் எழுதியிருந்ததை ஒரு தடவை வாசித்தார். பிறகு கோபிநாத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

கோபிநாத் வாயைத் திறந்தான். “நேரமாச்சு. குளிப்பாட்டத் தண்ணி எடுத்தாரணும், நீர்மாலைக்குக் கிளம்பலாம்” என்றான்.

ஆட்கள் எழுந்தார்கள். ஆட்டம் நின்ற கண்ணாடி தெளிந்து இருந்தது. உள்ளே அப்பாவின் இரண்டு கைகளையும் நெஞ்சின் மேல் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். எத்தனை தேய்த்தாலும் போகாத எண்ணெய்க் கறுப்புதான் அந்த நகக்கண்களில் எப்போதும் இருக்கும். இப்போது பத்து விரலிலும் வெள்ளையாக சிமெண்டு இருந்தது.