பேர் சொன்னால் அபராதம்

எட்முண்ட் பேசாமல் இருப்பதில் கெட்டிக்காரன். அறுவடைக் காலத்தில் கதிரறுக்கும் வண்டிமேல் காலையிலிருந்து பொழுது சாயும்வரை தனியாக உட்கார்ந்து பழகியவன். கோதுமையோடு பேச என்ன இருக்கிறது? ஆனால் லியோகாடியாவிடம் சொல்ல வேண்டியதை வருடக்கணக்கில் தள்ளிப்போட்டதற்குக் கெட்டிக்காரத்தனம் என்று பெயர் இல்லை. அது சுத்தமான பயங்கொள்ளித்தனம்.

லியோகாடியா கணவனை இழந்தவள். பங்குக் கோயிலின் சமையலறையை ஆள்பவள். வாய்த்துடுக்கு கொஞ்சம் அதிகம். ஆனால் அவள் பாட்டெடுத்தால் பங்குத்தந்தையே பூசையை மெதுவாக நடத்துவார். ஜெர்மனியில் இருக்கும் அவளுடைய அண்ணன் அவளை அங்கேயே கூப்பிட்டுக்கொள்ளக் காகிதமெல்லாம் அனுப்பிவிட்டான். ஏரிக்கரை மாதா கோயிலுக்கு நடந்துபோய் வந்ததும் அவள் கிளம்பிவிடுவாள் என்று ஊரே பேசிக்கொண்டது. ஆகவே இந்த யாத்திரையில் கேட்டால் உண்டு, இல்லையென்றால் எட்முண்டுக்குக் கோதுமைதான் கதி.

யாத்திரையில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஊர் எல்லை தாண்டிவிட்டால் டாக்டரும் மாட்டுக்காரனும், புருஷனும் பெண்டாட்டியும் ஒருவருக்கொருவர் சகோதரர், சகோதரிதான். மாதா கோயில் வாசல்வரை அப்படித்தான் கூப்பிட வேண்டும். இந்த வருடம் அதில் காசிமிரா புகுந்தாள். அவள் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். ஊரில் பாதிப் பேர் அவளிடம் காது திருகப்பட்டவர்கள்.

பங்குக் கோயிலைச் சூடாக்கும் கொதிகலன் போன பனிக்காலத்தில் செத்துப்போயிருந்தது. தீர்த்தத் தொட்டியில் ஐஸ்கட்டி மிதக்க, கோட்டுப் பைக்குள் கையை விட்டுக்கொண்டே எல்லோரும் ஜெபித்தார்கள். புதுக் கொதிகலனுக்காகப் பெல்மெனிக் கொழுக்கட்டை விற்றார்கள். வாத்துக்குக் குலுக்கல் நடத்தினார்கள். அதில் பங்குத்தந்தைக்கே வாத்து விழுந்தது. அவர் முகம் சிவந்து அதை மறுபடி குலுக்கலுக்கு விட, மறுபடியும் அவருக்கே விழுந்தது. ஊர் இன்னும் சிரித்து முடிக்கவில்லை, ஆனால் பணம்தான் போதவில்லை. கிளம்புகிற காலையில் காசிமிரா ஒரு பிஸ்கட் டப்பாவைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

“எல்லாரும் கேட்டுக்கங்க. சகோதரர், சகோதரின்னு சொல்லாம மொட்டையா பேர் சொன்னா, தடவைக்கு நூறு தெங்கே காசு அபராதம். எல்லாம் கொதிகலனுக்கு. பங்குச் சாமிக்கும் சேத்துத்தான் சொல்றேன்.”

எட்முண்டுக்கு அங்கேதான் சிக்கல். உலகத்தில் வேறு யாரை வேண்டுமானாலும் சகோதரி என்பான். காசிமிராவைப் பெரியம்மா என்று கூப்பிடச் சொன்னாலும் கூப்பிடுவான். லியோகாடியாவை அப்படிக் கூப்பிட மட்டும் நாக்கு எழவில்லை.

“லியோகாடியா, தண்ணி இருக்கா?” என்றான் முதல் ஓய்வில். டப்பா மூக்குக்கு நேரே வந்து நின்றது. போட்டான். மத்தியானம் சூப்பு வாங்கப் போய் மறுபடியும் போட்டான். சாயங்காலம் உஷாராகி, “இந்தாங்க” என்று கூப்பிட்டுப் பார்த்தான். ஆறேழு பெண்கள் திரும்பினார்கள், அவளைத் தவிர.

அவளோ ஒரு தடவைகூடத் தவறவில்லை. “எட்முண்ட் சகோதரரே, ரொட்டி வேணுமா? எட்முண்ட் சகோதரரே, காலுல கொப்புளமா?” ஊருக்கே கேட்கிற குரல் வேறு. புருஷன் பெண்டாட்டிகள் மறந்துபோய்க் காசு கட்டினார்கள். பங்குத்தந்தையும் கட்டினார். இவள் மட்டும் பிசகவே இல்லை. ஒவ்வொரு ‘சகோதரரே’யும் எட்முண்டின் நெஞ்சில் குத்தியது. மனதில் ஏதாவது இருந்தால் ஒரு தடவையாவது வாய் தவறாதா?

மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கூடவே வேன் ஓட்டி வந்த எர்போலாத்துக்கு இந்தச் சட்டம் கிடையாது. “நான் மசூதிக்காரன். யாரை வேணா பேர் சொல்லிக் கூப்பிடுவேன், இலவசம்” என்று மார்தட்டிக்கொண்டு திரிந்தான்.

எட்முண்ட் அவனைத் தனியாக இழுத்துப் போனான். “டேய், அவளைக் கொஞ்சம் கூப்பிடேன்.”

“லியோகாடியா!” என்று எர்போலாத் புல்வெளி அதிரக் கத்தினான். “இவன் உன்னைக் கூப்பிடச் சொன்னான்! எதுக்குன்னு இவனுக்கே தெரியாது!”

அவள் இடுப்பில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். “என்ன சகோதரரே?”

“ஊறுகாய்த் தக்காளி... இருக்கா?”

ஒரு கிண்ணம் நிறையக் கொடுத்தாள். அதற்குப் பிறகு சாப்பாட்டு நேரம் தவறாமல் அவன் தட்டில் தக்காளி விழுந்தது.

இதற்குள் பின்வரிசையில் செபமாலை சொல்லி வந்த கிழவிகளுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. “கொதிகலன்ல பாதி இவன் நாக்குலேர்ந்துதான் வரப்போகுது” என்று காசிமிரா டப்பாவைக் குலுக்கிக் காட்டினாள்.

கடைசி நாள் பிர்ச் மரத் தோப்பைத் தாண்டியதும் தூரத்தில் ஏரி மின்னியது. கொசு பிடுங்கி எடுத்தது. ஆனாலும் எல்லோருக்கும் குஷி, பாட்டு உச்சத்தில் போனது. அந்தச் சத்தத்துக்கு நடுவே, முன்னால் நடந்த லியோகாடியா காசிமிராவிடம் சொன்னது எட்முண்டின் காதில் விழுந்தது.

“அண்ணன் டிக்கெட் எடுத்துட்டான்.”

எட்முண்டின் கால் நின்றுவிட்டது. அப்புறம் அவனே எதிர்பார்க்காமல் ஓடினான். சட்டைப் பையிலிருந்து பத்தாயிரம் தெங்கே நோட்டை உருவி டப்பாவுக்குள் திணித்தான்.

“லியோகாடியா” என்றான்.

காசிமிரா உள்ளே எட்டிப் பார்த்தாள். “உள்ள போனது கோயில் பணம். மீதியெல்லாம் தர மாட்டேன். பேர் சொல்லியே தீத்துக்க.”

பாட்டு நின்றுபோயிற்று. எல்லோரும் சுற்றி நின்றார்கள். எட்முண்ட் மூச்சு வாங்கினான்.

“லியோகாடியா, ஜெர்மனிக்குப் போகாத. லியோகாடியா, எனக்குப் பேச வராது, உனக்கே தெரியும். லியோகாடியா, எனக்குத் தக்காளி பிடிக்காது, நீ குடுக்கறேன்னுதான் தின்னேன். லியோகாடியா...” தொண்டையைச் செருமிக்கொண்டான். “என்னைக் கட்டிக்கிறியா?”

அவள் முகம் காதுவரை சிவந்தது.

“எட்முண்ட் சகோதரரே” என்றாள். கூட்டம் மொத்தமும் பெருமூச்சு விட்டது. “வாசல் வரட்டும்.”

சொல்லிவிட்டு விறுவிறுவென்று முன்னால் போய்விட்டாள்.

“வேணாம்னா இங்கயே சொல்லியிருப்பாடா” என்றான் எர்போலாத், வேனை அவன் பக்கத்தில் ஊர விட்டபடி.

“வேணாங்கறதை மாதா முன்னாடி சொன்னா நான் அழ மாட்டேன்னு நெனச்சிருப்பா” என்றான் எட்முண்ட்.

கோயில் மணி அடிக்க ஆரம்பித்தது. வாசலை அடைந்தவர்கள் வழக்கப்படி மண்ணில் மண்டியிட்டார்கள். எட்முண்டும் மண்டியிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டான். மாதாவிடம் என்ன கேட்பது என்றுகூடத் தோன்றவில்லை. பக்கத்தில் யாரோ வந்து மண்டியிடுவது தெரிந்தது.

“எடிக்” என்றாள் லியோகாடியா.

அவனை அப்படிக் கூப்பிட்டவள் அவன் அம்மா ஒருத்திதான். அவன் கண்ணைத் திறந்தான்.

“நூறு தெங்கேக்குக் கஞ்சப்பட்டுப் பேர் சொல்லாம இருந்தேன்னு நெனச்சியா? மொட்டையா உன் பேரைச் சொன்னா என் மூஞ்சியே எல்லாருக்கும் காட்டிக் குடுத்துடும். அதான் வழி பூரா சகோதரரே, சகோதரரேன்னு கத்திக்கிட்டு வந்தேன். தொண்டையே கட்டிப்போச்சு, மடையா.”

“டிக்கெட்டு?”

“அது அண்ணன் தனக்கு எடுத்துக்கிட்ட டிக்கெட்டு. என்னைக் கூட்டிட்டுப் போக வரான்.” அவள் அழுதுகொண்டே சிரித்தாள். “வரட்டும். கல்யாணத்துல என் பக்கம் நிக்க ஒரு ஆள் வேணாமா?”