தண்ணீர் போன மூலை

புதுச் சலவை இயந்திரத்தைப் பொருத்த திங்கட்கிழமை ஆள் வருவார், அதுவரை கை வைக்காதீர்கள் என்று கம்பெனிக்காரர்கள் தொலைபேசியில் இரண்டு முறை சொன்னார்கள். ஒரு முறை சொல்லியிருந்தால் சும்மா இருந்திருப்பேன். இரண்டாம் முறை சொன்னதுதான் என் தன்மானத்தைச் சீண்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை கழிவுநீர்க் குழாயை நானே மாட்டி, பொத்தானை அமுக்கிவிட்டு, சாதித்த மிதப்பில் பால்கனிக்குக் காப்பியோடு போனேன். பாதிக் கோப்பை தாண்டும் முன் குழாய் கழன்றது.

ஓடிவந்து பார்த்தால், தண்ணீர் பரவவில்லை. அதுதான் என்னை நிறுத்தியது. சமையலறையிலிருந்து புறப்பட்டு, சோபாவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், முகவரி தெரிந்த தபால்காரரைப் போல நேராக மகளின் அறைக்குள் நுழைந்து, ஜன்னலோர மூலையில் கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. கூடத்தின் மறுபாதி பிஸ்கட் மாதிரி உலர்ந்து கிடந்தது.

மனைவி வந்து என் கையிலிருந்த துடைப்பத்தைப் பிடுங்கினாள்.

"நீங்க செஞ்ச வரைக்கும் போதும். பாப்பாவை ஹாலுக்குக் கூட்டிட்டுப் போங்க. இந்த ரூமை நான் பாத்துக்கறேன்."

"தண்ணி எல்லாம் ஒரே மூலைக்குப் போகுது, பாத்தியா?"

"தண்ணின்னா எங்கேயாவது போகத்தான் செய்யும். உங்களை மாதிரி நின்னு வேடிக்கையா பாக்கும்?"

"தரை சாஞ்சிருக்கு."

"ஆரம்பிச்சுட்டீங்களா?"

அவள் அப்படிக் கேட்க உரிமை உள்ளவள். முந்தைய வீட்டில், எரிவாயு கசிகிறது என்று நான் கத்தி, மூன்று மாடிக்காரர்களையும் உள்ளாடையோடு தெருவில் நிற்க வைத்திருக்கிறேன். தீயணைப்பு வண்டி வந்து, தேடித் தேடிக் கடைசியில் கண்டுபிடித்தது என் மகளின் பள்ளிப் பைக்குள் அழுகிக்கொண்டிருந்த ஒரு முட்டையை.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். தரைத்தளம். வெயில் காலத்திலும் சுவர் வியர்க்கும். மகளுக்கு அப்போது ஐந்து வயது. அவள் தூங்கும்போது நெஞ்சிலிருந்து மெல்லிய விசில் ஒன்று கேட்கும். மனைவி மருந்தாளுநர், மருந்துக் கடையில் நாள் முழுக்க அடுத்தவர்களின் இருமலுக்கு மருந்து எடுத்துக் கொடுப்பவள். வீட்டுக்கு வந்து அந்த விசிலைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். இங்கே, பத்தொன்பதாவது மாடிக்கு வந்த பத்தாவது நாள் விசில் நின்றது. மகள் மூச்சிரைப்புக்கு உறிஞ்சும் மருந்துக் குப்பி அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது. "இனி என்னை இந்த வீட்டை விட்டுக் கிளப்பணும்னா கிரேன் வைச்சுத்தான் தூக்கணும்" என்று அன்று சொன்னாள். சொன்ன நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே மூன்று கிரேன்கள் நின்றுகொண்டிருந்தன. நான் சிரித்தேன்.

மூன்றில் ஒன்று எங்கள் பக்கத்து மனையில் நின்றது. அங்கே எங்களுடையதைவிட உயரமான கட்டடம் வரப்போகிறது. இப்போதைக்கு வந்திருந்தது பள்ளம் மட்டும். சுற்றிலும் பலகை அடைத்து, பலகையில் பச்சைப் பசேல் என்று மரங்கள் வரைந்திருந்தார்கள். உள்ளே ஊறும் நீரை மோட்டார்கள் ராப்பகலாக உறிஞ்சிக் குழாய் வழியே தெருச் சாக்கடையில் கொட்டின. எங்களுக்கு அடியில் இருந்த மண்ணின் தண்ணீர்தான் அது என்பது எனக்குத் தோன்ற, என் வீட்டுக்குள் தண்ணீர் ஓட வேண்டியிருந்தது.

மறுநாள் பராமரிப்பு மேலாளரைப் பார்க்கப் போனேன். அவருக்குக் கட்டடம் முழுக்க 'பார்க்கலாம்' என்றுதான் பெயர். விளக்கு எரியவில்லை என்றாலும் பார்க்கலாம், விளக்கு எரிகிறது என்றாலும் பார்க்கலாம்.

"சார், எங்க வீட்டுத் தரை ஒரு பக்கமா சாஞ்சிருக்கு."

"பார்க்கலாம் சார்."

"கட்டடமே சாயுதா?"

"எழுதிக் குடுங்க சார். பார்க்கலாம்."

எழுதிக் கொடுத்தேன். நான்காம் நாள் பதில் வந்தது: 'தங்கள் அக்கறைக்கு நன்றி. கட்டடம் அனுமதிக்கப்பட்ட வரம்புகளுக்குள் இயல்பான நிலைப்படுதலை எய்தி வருகிறது. தங்கள் கடிதம் உரிய பிரிவின் கவனத்துக்குக் கொண்டு செல்லப்பட்டுள்ளது.'

படித்ததும் எனக்கு வந்தது கோபமல்ல, தொழில் பொறாமை. நான் ஒரு விமான நிறுவனத்தில் தொலைந்த பெட்டிகளுக்குப் பதில் எழுதும் பிரிவில் இருக்கிறேன். பதினொரு வருட அனுபவம். எங்கள் பிரிவில் 'ஆம்', 'இல்லை' இரண்டுக்கும் தடை. பெட்டி வேறு கண்டத்துக்குப் போயிருந்தால் 'பயணத்தின் அடுத்த கட்டத்தில் உள்ளது' என்று எழுதுவோம். கிடைக்கவே கிடைக்காது என்றால் 'தேடுதல் தொடர்கிறது'. அந்த மொழியை நான் தாய்ப்பாலோடு குடிக்கவில்லை, மாதச் சம்பளத்தோடு குடித்தேன். ஆகவே 'எய்தி வருகிறது' என்பதை இன்னொரு முறை படித்தேன். முடிந்துபோன விஷயத்துக்கு யாரும் 'வருகிறது' போடமாட்டார்கள்.

கடிதத்தை மனைவியிடம் காட்டினேன்.

"இதுல சாயுதுன்னு எங்கே இருக்கு?" என்றாள்.

"சாயலைன்னும் இல்லையே."

"ஏங்க, விஷயம் தெரிஞ்சவங்க யாராவது ஒருத்தர் நேரா, என் காது கேக்க, இந்த வீடு சரியில்லைன்னு சொல்லட்டும். அன்னிக்கே பெட்டி கட்டறேன். நீங்க சொன்னா மட்டும் நம்பமாட்டேன். முட்டை நாத்தம் இன்னும் என் மூக்குல இருக்கு."

நியாயமான பேச்சு. மறுபடி அந்தத் தரைத்தளச் சுவருக்கும் விசிலுக்கும் மகளைக் கொண்டுபோக வேண்டும் என்றால் சும்மா சந்தேகத்தின் பேரில் போக முடியாது. நேரான பதில் ஒன்று வேண்டும். அதைத் தேடிப் புறப்பட்டேன்.

எதிர்வீட்டில் ஒரு பல் டாக்டர். கதவை எட்டு விரற்கடை மட்டும் திறந்து பேசுவார்.

"புதுக் கட்டடம் எல்லாமே கொஞ்சம் உட்காரும். புதுப் பல்செட் மாதிரி. முதல்ல உறுத்தும், அப்புறம் பழகிடும்."

"டாக்டர், பல்செட் விழுந்தா தம்ளர்ல போட்டு வைக்கலாம்."

அவர் சிரிக்கவில்லை. கதவு இடுக்கு வழியே பார்த்தேன். கூடத்தில் அட்டைப் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக, வாயில் ஒட்டுத்தாள் போட்டு அடுக்கியிருந்தன.

"ஊருக்குப் போறீங்களா?"

"பழசெல்லாம் கழிச்சு ஒதுக்கறோம்" என்று கதவைச் சாத்தினார். சாத்திய கதவு நிலையில் சரியாக உட்காரவில்லை. உள்ளிருந்து தோளால் இடித்து மூடினார்.

அதற்குப் பிறகு என் கண்ணுக்குச் சாய்வைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. நிலத்தடி வண்டி நிறுத்தத்தில் ஒரு தூணையும் சுவரையும் பிரித்துக்கொண்டு மயிரிழை போல ஒரு விரிசல். அதன் குறுக்கே விரல் நீளத்துக்குக் கண்ணாடிச் சில்லு ஒன்றைப் பசையால் ஒட்டி, பக்கத்தில் கறுப்பு மையில் தேதி போட்டிருந்தார்கள். விரிசல் அசைந்தால் கண்ணாடி உடையும். அதைச் சொல்ல யாரும் தேவையில்லை. ஒரு வாரம் கழித்துப் பார்த்தேன். சில்லு இரண்டாகியிருந்தது. கீழே புதுச் சில்லு, புதுத் தேதி. அதற்கடுத்த வாரம் மூன்றாவது.

"சார், கண்ணாடி மேல கை வைக்காதீங்க" என்றார் காவலாளி.

"நான் வைக்கலை. அதுவா உடைஞ்சிருக்கு."

"அதுவா உடைஞ்சா பரவாயில்லை. யாரும் கை வைக்கக் கூடாதுன்னுதான் உத்தரவு."

வெளியே, தெருமுனைக் காப்பிக் கடை எங்கள் கட்டடத்தை ஒட்டிய நடைபாதையில் மேசை போட்டிருந்தது. நடைபாதைக்கும் எங்கள் சுவருக்கும் நடுவே இருந்த இடைவெளியில் முதலில் என் விரல் நுழைந்தது. அடுத்த முறை கை நுழைந்தது. அதற்கடுத்த முறை அங்கே பூந்தொட்டிகளை வரிசையாக வைத்துவிட்டார்கள். அழகாகத்தான் இருந்தது. மாலையில் அண்ணாந்து எங்கள் கட்டடத்தைப் பார்த்தேன். விளக்கு எரிந்த ஜன்னல்கள் போன மாதத்தைவிடக் குறைவு.

மேலாளர் ஐந்தாம் மாடியில் கட்டடக் கம்பெனி கொடுத்த வீட்டில்தான் குடியிருந்தார். ஒருநாள் காலை அவர் தலைக்கவசத்தோடு வெளியிலிருந்து வருவதைப் பார்த்தேன்.

"வீடு மாத்திட்டீங்களா சார்?"

"பசங்க ஸ்கூலுக்குப் பக்கம் சார்."

"ஸ்கூல் எதிர்ல இருக்கு, தெருவைத் தாண்டினா."

அவர் தலைக்கவசத்தைக் கழற்றாமலே என்னைப் பார்த்தார். "பார்க்கலாம் சார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். எதைப் பார்க்கலாம் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

சனிக்கிழமை மதியம் மின்தூக்கி வேலை செய்யவில்லை. எங்கள் மாடியில் அதன் கதவைத் திறந்து வைத்து, பெட்டியின் கூரைமேல் நின்று மெக்கானிக் ஒருவர் வேலை செய்துகொண்டிருந்தார். நரைத்த மீசை. சட்டைப் பை நிறைய மெல்லிய இரும்புத் தகடுகள். ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரோடு இருந்த தண்டவாளத்தின் பின்னால் செருகினார்.

"அண்ணே, அது எதுக்கு?"

"இந்தத் தண்டவாளத்தைப் பிடிச்சுத்தான் லிஃப்ட் ஓடுது. தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்போம். நூலுக்கு விலகி இருந்தா தகடு வைச்சு நேராக்குவோம்."

"அடிக்கடி விலகுமா?"

"எங்கே சார் விலகும்? மத்த கட்டடத்துல எல்லாம் ஒரு தடவை வைச்சா வருஷக்கணக்குல திரும்பிப் பாக்க வேணாம். இங்கே ரெண்டு மாசத்துல இது நாலாவது தடவை. அதுவும் எப்பவும் இதே பக்கம்..." சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"அப்போ விலகுறது தண்டவாளமா, கட்டடமா?"

"நான் தகடு வைக்கிறவன் சார். லிஃப்ட் நேரா ஓடும், அதுக்கு நான் பொறுப்பு. மத்ததுக்கு வாயைத் திறக்கமாட்டேன்னு கையெழுத்து வாங்கியிருக்காங்க."

வேலை முடித்து, கருவிப் பையைத் தோளில் மாட்டி, படிக்கட்டை நோக்கி நடந்தார்.

"லிஃப்ட்தான் சரியாயிடுச்சே அண்ணே? பத்தொன்பது மாடி நடக்கப் போறீங்களா?"

"நடந்தா உடம்புக்கு நல்லது சார்" என்றார். அவருடைய காலடிச் சத்தம் கீழே கீழே போய் அடங்கும்வரை அங்கேயே நின்றேன்.

வீட்டுக்குள் வந்தேன். மகள் கூடத்தில் பொம்மைப் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். யாரிடமும் எதுவும் பேசாமல் மகளின் அறைக்குப் போனேன். கட்டடத்தை நகர்த்த முடியாது. கட்டிலையாவது அந்த மூலையிலிருந்து நகர்த்தலாம் என்று ஜன்னல் பக்கக் காலைத் தூக்கினேன். காலுக்கு அடியிலிருந்து ஏதோ சரிந்து விழுந்தது.

அட்டைகள். மருந்துப் பெட்டிகளைச் சதுரமாகக் கத்தரித்த அட்டைகள். இருமல் மருந்து, வைட்டமின், கண் சொட்டு மருந்து. இன்னொரு காலையும் தூக்கினேன். அங்கேயும் அதே போல. மறுபக்கத்து இரண்டு கால்களின் அடியில் ஒன்றும் இல்லை. மருந்துக் கடைக்காரர்கள் குப்பி திறந்த நாளை அதன்மேல் எழுதுவார்கள். கை தானாகச் செய்யும் பழக்கம். ஒவ்வொரு அட்டையிலும் மூலையில் சின்னதாக, அவளுடைய சாய்ந்த கையெழுத்தில், தேதி. எண்ணினேன், ஆறு. எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது ஊறிக் காய்ந்து நெளிந்திருந்தது. அதன் தேதி, நாங்கள் குடிவந்த இரண்டாவது வாரம்.

மேலே இருந்தது நேற்றையது.

நிமிர்ந்தேன். கதவருகே மனைவி நின்றிருந்தாள், மடித்த துண்டு ஒன்றை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி. இத்தனை நாள் எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேன், இவளிடம் ஒருமுறைகூடக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வேடிக்கையாக ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயெடுத்தேன். கையிலிருந்த அட்டையை அவள் பக்கம் நீட்டினேன்.

"இந்த வீடு சாயுதா?" என்றேன்.

அவள் கூடத்தில் இருந்த மகளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னை.

"ஆமாங்க, சாயுது. முதல்ல ஒரு அட்டைக்கு ரெண்டு வாரம் தாங்கிச்சு. இப்போ மூணு நாள்கூடத் தாங்கலை. அவ மூச்சுச் சத்தமே இல்லாம தூங்கறதைப் பாத்தா எனக்கு அதைச் சொல்ல வாயே வரலை. வேணாம், இங்கே இருக்கவே வேணாம். இன்னிக்கே போயிடலாம்."