பதினெட்டு கிராம் தண்ணீர்

ஞானசிகாமணி தராசில் டம்ளரை வைத்து, முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, சரியாகப் பதினெட்டு கிராம் தண்ணீர் ஊற்றினார். வீட்டிலேயே வேதியியல் டியூஷன் எடுப்பவர். அன்றைக்குப் பாடம் மோல்; கேட்டது மனைவி அமலி.

“இது ஒரு மோல், அமலி. உள்ள எத்தனை மூலக்கூறுன்னு எண்ணு. முடிக்கிறதுக்குள்ள வந்துடறேன்.”

“ஆறு போட்டு இருபத்துமூணு சைபர். எண்ணி முடிக்கிறதுக்குள்ள கிழவியாயிருவேன்.”

“இப்ப மட்டும் என்னவாம்?”

சாக்பீஸ் வாங்கப் போனார். மறுநாள் பெட்டியில் வந்தார்.

அடக்கம் முடிந்த எட்டாம் நாள், சமநிலை அலுவலகத்திலிருந்து அமலோற்பவம் என்ற அமலியின் முழுப்பெயருக்குத் தாள் வந்தது. வீட்டுச் சமன்பாடு சரியில்லை. இடப்பக்கம் இருவர், வலப்பக்கம் ஒருவர். நேரில் வரவும்.

அலுவலக நடைபாதை அவள் நடக்க நடக்க நீண்டது. பாதி வழியில் சோறு சாப்பிட பெஞ்சு போட்டிருந்தார்கள்.

“அவர் திரும்பி வரணும்,” என்றாள் அமலி.

கிளார்க் தாளைப் புரட்டினார். “மீள்வினைதான். வரலாம். வீடு மூடியிருந்துச்சா?”

“பெட்டி எடுக்க ரெண்டு கதவையும் திறந்தோம்.”

“எல்லாரும் இந்தத் தப்பைத்தான் செய்றீங்க. மூடின கலன்லதானம்மா சமநிலை வரும்.”

“இப்ப மூடினா முழுசா வருவாரா?”

“எந்தச் சமநிலையில முழுசா வந்திருக்கு? அவர் வர்ற அளவுக்கு நீங்க போகணும். கையெழுத்துப் போடுங்க.”

போட்டாள்.

வீட்டுக்கு வந்து சன்னல் இடுக்குகளில் பழைய வினாத்தாள்களை ஒட்டினாள். கதவடியில் அவருடைய வேட்டியைச் செருகினாள். சாவித்துளையில் மெழுகு ஊற்றினாள்.

முதல் நாள் அவருடைய இருமல் வந்தது. அவளுடைய இடக்கைச் சுண்டுவிரல் இல்லாமல் போயிற்று. வலிக்கவில்லை.

மூன்றாம் நாள் கரும்பலகையில் சாக்பீஸ் தேயும் ஓசை வந்தது. அவளுடைய காலடி ஓசை நின்றது.

ஏழாம் நாள் நாற்காலியில் முழங்கால்வரை அவர் இருந்தார். அவளுக்கு முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை.

“எண்ணிட்டியா?” இருமல் வந்த இடத்திலிருந்து குரல் கேட்டது.

“இன்னும் இல்லீங்க. மிச்சத்தையும் கொண்டுவாங்க.”

“மிச்சமும் வந்தா நீ இருக்கமாட்ட. கதவைத் திற, அமலி.”

“திறந்தா?”

“நான் போயிருவேன்.”

வெளியே யாரோ கதவைத் தட்டி, டியூஷன் உண்டா என்று கேட்டார்கள். அமலி தராசை அருகே இழுத்துக்கொண்டாள்.

“எண்ணி முடிச்சிட்டுத் திறக்கறேன்,” என்றாள். “ஒண்ணு.”

அதன்பின் அவர் கூடவுமில்லை, அவள் குறையவுமில்லை.

தராசு பதினெட்டு கிராம் காட்டியது.